இரத்தத்தில் இருந்தால் பள்ளிக்கூடம் எதற்கு? கற்பனை விளையாட்டு உலகங்களின் தீய சமூகங்கள்

2025 பிப்ரவரியில், மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதையாக ஆடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் புதிய 'மான்ஸ்டர் மேனுவல்' வெளிவந்தது. விளையாட்டில் எதிர்கொள்ள வேண்டிய பூதங்கள், பேய்கள், டிராகன்கள் எல்லாவற்றுக்கும் அகரவரிசையில் படமும் வலிமைக் கணக்கும் தரும் தடித்த கையேடு அது. 1977இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே அதில் நிரந்தர இடம் பிடித்திருந்த ஓர்க் என்ற முரட்டு அரக்க இனத்துக்கு இம்முறை தனிக் குறிப்பு இல்லை. எல்ஃப் என்பது மனிதரைப் போன்ற ஒரு கற்பனை இனம்; அதில் நிலத்தடியில் வாழும் டிரௌ என்ற கரிய பிரிவின் வீரர்களுக்கும் பூசாரிணிகளுக்கும் இருந்த தனிக் குறிப்புகளும் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு வந்த 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்'கில் இந்த இரு இனங்களும் நாம் விரும்பினால் ஏற்று ஆடக்கூடிய பாத்திரங்களாக இருக்கின்றன. எதிரிப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டு, நாயகர் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டார்கள்.

இதற்கு எழுந்த எதிர்வினைகள் இரண்டு. மனம் புண்படும் என்று பயந்து வில்லன்களையே ஒழித்துவிட்டார்கள் என்பது ஒன்று. ஓர் இனத்தையே பிறவிக் கெட்டவர்களாகக் காட்டிய அசிங்கம் இப்போதாவது முடிந்தது என்பது இன்னொன்று. இரு தரப்பும் ஒரே கேள்வியைப் பற்றிச் சண்டை போடுவதாக நினைத்துக்கொள்கின்றன. அங்கே பின்னிக் கிடப்பவை இரண்டு கேள்விகள். ஓர் இனம் பிறப்பாலேயே தீயதாக இருக்க முடியுமா? ஒரு சமூகம் தன் ஏற்பாடுகளால் தீயதாக இருக்க முடியுமா? முதல் கேள்விக்கு 'முடியாது' என்பவர் இரண்டாவதற்கும் அதையே சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. வரலாறு தெரிந்தவர் யாரும் அப்படிச் சொல்லவும் மாட்டார்.

மேசையில் நடப்பது என்ன

இந்த வகை விளையாட்டைத் தமிழில் பாத்திரமேற்பு விளையாட்டு எனலாம். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் நடத்துநர், உலகத்தையும் எதிரிகளையும் வழிப்போக்கர்களையும் அவர் பேசுகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். 'கதவைத் திறக்கிறேன்', 'காவலனிடம் பொய் சொல்கிறேன்' என்று அவர்கள் சொல்ல, பகடை உருட்டி விளைவு தீர்மானிக்கப்படுகிறது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இதன் மூலவிதை. கதை நடக்கும் கற்பனை உலகத்தை 'செட்டிங்' என்பார்கள்: வரைபடம், அரசுகள், கடவுள்கள், விலைவாசி எல்லாம் அடங்கியது.

நாவலுக்கும் இதற்கும் உள்ள ஒரு வேறுபாடு நம் விஷயத்துக்கு முக்கியம். நாவலில் தீய நகரத்தை வாசகர் வேடிக்கை பார்க்கிறார். இங்கே அதன் வாசலில் நின்று 'இப்போது என்ன செய்கிறாய்?' என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். அந்தச் சமூகம் அட்டைப் படமாக இருந்தால் அந்தக் கேள்விக்கு வெட்டு, குத்து தவிர வேறு பதிலே கிடைக்காது.

ஒன்பது கட்டங்கள்

தீமை இந்த விளையாட்டுக்குள் ஒரு விதியாகவே நுழைந்தது. ஆங்கிலத்தில் 'அலைன்மென்ட்' என்பார்கள். அறச்சார்பு என்று வைத்துக்கொள்வோம். 1974 விதிகளில் மூன்றே பிரிவுகள்: ஒழுங்கு, நடுநிலை, குழப்பம். இது நல்லது கெட்டது பற்றிய பட்டியலாக இல்லை. யார் எந்தப் பக்கம் படை திரட்டுவார்கள் என்ற அணிப் பிரிப்பு போலத்தான் இருந்தது. அந்தப் பட்டியலில் ஓர்க்குகள் நடுநிலையிலும் இருக்கிறார்கள், குழப்பத்திலும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் விலைபோகக்கூடியவர்கள்!

பிறகு நன்மை, தீமை என்ற இரண்டாவது அச்சு சேர்க்கப்பட்டது. 1970களின் இறுதிக்குள் மூன்றுக்கு மூன்று என ஒன்பது கட்டங்கள் வந்துவிட்டன: ஒழுங்கான நல்லவர் முதல் குழப்பமான தீயவர் வரை. ஒவ்வோர் உயிரினத்தின் பெயருக்கு நேரேயும் அதன் உயரம், பல் எண்ணிக்கை போல இந்தக் கட்டமும் அச்சிடப்பட்டது.

1977 கையேட்டில் ஓர்க்குகள் 'ஒழுங்கான தீயவர்'. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் 'குழப்பமான தீயவர்'. இடையில் ஓர்க்குகளின் இரத்தத்தில் ஏதும் மாறிவிடவில்லை. பதிப்பாசிரியர்கள் மாறினார்கள், அவ்வளவுதான். பிறவிக் குணம் என்று அச்சிடப்பட்டது ஒரு முத்திரை மட்டுமே என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

குகைக்குள் குழந்தைகள்

முத்திரை எங்கே உடைகிறது என்பதைக் காட்டியது 1979இல் வந்த 'தி கீப் ஆன் தி பார்டர்லாண்ட்ஸ்' என்ற தொடக்கநிலைச் சாகசப் புத்தகம். எல்லைக் கோட்டை ஒன்று. அருகே மலைப்பிளவில் ஓர்க், காப்ளின், கோபோல்ட் முதலிய கூட்டங்கள் வாழும் குகைகள். வீரர்கள் குகைகளுக்குள் போய்ச் சண்டையிட்டுப் புதையல் எடுத்துவர வேண்டும். அந்தக் குகை அறைகளின் விவரத்தில், ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை, குட்டிகள் இத்தனை என்ற கணக்கும் இருக்கிறது. குட்டிகள் சண்டையிடுவதில்லை என்ற குறிப்பும் இருக்கிறது.

போர்வீரர்களை வென்றாயிற்று. மூலையில் ஒடுங்கி நிற்கும் குழந்தைகளை என்ன செய்வது? புத்தகம் பதில் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான மேசைகளில் விளையாட்டு நின்று வாக்குவாதம் தொடங்கிய இடம் இது. 2005இல் விளையாட்டாளர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது கைகாக்ஸ், அறநெறி வீரன் ஒருவன் இத்தகைய எதிரிகளைக் கொல்வது தவறாகாது என்ற கட்சியைப் பேசி, ஈருதான் பேனாகிறது என்ற பொருள்படும் சொலவடையை எடுத்துவைத்தார். அமெரிக்க வரலாற்றில் அந்தச் சொலவடை ஜான் சிவிங்டன் என்ற படைத்தளபதியோடு ஒட்டிக்கொண்டது. 1864 நவம்பர் 29 அன்று கொலராடோவின் சாண்ட் கிரீக்கில் செயென், அரபஹோ மக்களின் முகாமைத் தாக்கிப் பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் பெருமளவில் கொன்று குவித்த படைக்கு அவர்தான் தலைவர்.

ஒரு விளையாட்டு விதியின் தர்க்கத்தைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போனால் எங்கே போய் முட்டுகிறது என்பதை இதைவிட வெளிப்படையாக யாரும் காட்டிவிட முடியாது. 'பிறவியிலேயே தீயவர்கள்' என்பது கற்பனைக் கதைக்காக உருவான எண்ணம் அல்ல. உண்மையான படுகொலைகளை நியாயப்படுத்த மனிதர்கள் பயன்படுத்திய வாசகம் அது. கற்பனைக் கதைகள் பிற்பாடு அதை இரவல் வாங்கின. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவல் வழியாக ஓர்க்குகளைப் பிரபலமாக்கிய டோல்கீனுக்கே இதில் நெருடல் இருந்தது. கத்தோலிக்கரான அவரால், மீட்பே இல்லாத ஓர் அறிவுள்ள இனத்தைப் படைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியவில்லை. 1954இல் எழுதிய கடித வரைவு ஒன்றில் ஓர்க்குகள் மீட்கவே முடியாதவர்கள் என்று சொல்வதிலிருந்து அவர் விலகி நிற்கிறார்.

எந்தத் தீமையைப் பற்றிப் பேசுகிறோம்

விவாதங்களில் குழம்பிக் கிடக்கும் மூன்றைப் பிரித்து வைத்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

1. பொருளாலேயே தீமை. நரகத்துப் பிசாசு போன்றவை. அது ஒரு சமூகத்தின் உறுப்பினர் அல்ல. தீமையே உரு எடுத்து வந்தது. அதற்குக் குழந்தைப் பருவம் இல்லை, மாமியார் வீடு இல்லை. இதை வைத்துக் கதை செய்வதில் யாருக்கும் பெரிய சிக்கல் இல்லை.

2. பிறப்பால் தீமை. பிறந்து, வளர்ந்து, பேசி, காதலித்து, செத்துப்போகும் உயிர்கள். ஆனாலும் எல்லோரும் கெட்டவர்கள். சாண்ட் கிரீக் தர்க்கம் இங்கேதான் ஒட்டிக்கொள்கிறது.

3. ஏற்பாட்டால் தீமை. சட்டம், சொத்துரிமை, வழிபாடு, பள்ளி, பரிசு, தண்டனை எல்லாம் சேர்ந்து, சாதாரணமான ஆட்களைக் கொடுமை செய்ய வைக்கும் சமூகம். அதில் நல்லவரும் உண்டு, கோழையும் உண்டு, ஆதாயம் பார்ப்பவரும் உண்டு.

2020க்குப் பிறகு இந்த விளையாட்டின் பதிப்பாளர்கள் செய்த மாற்றங்கள் குறிவைத்தது இரண்டாவதை. பல இடங்களில் அடிபட்டது மூன்றாவது.

மென்ஸோபெரான்ஸன்: ஒரு தீய நகரம் எப்படி ஓடுகிறது

ஏற்பாட்டால் தீமை என்பதற்கு இந்த விளையாட்டு உலகம் தந்த மிக விரிவான உதாரணம் டிரௌக்களின் நகரமான மென்ஸோபெரான்ஸன். டிரௌக்கள் 1978இல் வந்த சாகசத் தொடரில் முழு உருவில் அறிமுகமானார்கள். அந்தத் தொடரிலேயே அவர்களுடைய நகரத்தில் பிரபுக் குடும்பங்களுக்குள் பகை, எந்தத் தெய்வத்தை வழிபடுவது என்பதில் பிளவு என்று அரசியல் இருந்தது. பிறகு ஆர். ஏ. சால்வடோரின் நாவல்கள் வழியாகவும், 1992இல் வந்த விளையாட்டுப் பெட்டித் தொகுப்பு வழியாகவும் மென்ஸோபெரான்ஸன் தெருத் தெருவாக விரிந்தது.

பூமிக்கடியில் ஒரு பெருங்குகை. சுமார் 20,000 டிரௌக்கள். அவர்களுக்குக் கீழே காப்ளின், ஓர்க், கோபோல்ட் அடிமைகள். லோல்த் என்ற சிலந்தித் தேவி தெய்வம். பெண் பூசாரிகள் ஆள்கிறார்கள். ஒவ்வொரு பிரபுக் குடும்பத்துக்கும் ஒரு வரிசை எண். முதல் எட்டுக் குடும்பங்களின் தலைவிகள் ஆட்சிமன்றம். சூரியன் இல்லாத ஊரில் நேரம் காட்ட, நார்பான்டெல் என்ற கல்தூணைத் தலைமை மந்திரவாதி தினமும் சூடேற்றுகிறார்; தூணில் வெப்பம் ஏறும் அளவே மணி.

இதன் சட்டம்தான் கவனிக்கத்தக்கது. ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்தை இரவோடு இரவாக அழித்து அதன் வரிசை எண்ணைக் கைப்பற்றலாம். குற்றஞ்சாட்டுவதற்கு, அழிந்த குடும்பத்தின் பிரபு ஒருவர்கூட உயிரோடு மிஞ்சக் கூடாது, அதுதான் நிபந்தனை. மிஞ்சினால் தாக்கியவர்களை நகரமே சேர்ந்து அழிக்கும். ஆக, கொலை குற்றமல்ல. அரைகுறைக் கொலைதான் குற்றம். எல்லோருக்கும் என்ன நடந்தது என்று தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை. மறுநாள் காலை வரிசை எண் மட்டும் மாறியிருக்கும். தீய சமூகம் என்றால் சட்டமே இல்லாத சமூகம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். இங்கே சட்டம் கறாராக இருக்கிறது. கொடுமையைத் தூண்டுவதே அந்தக் கறார்தான்.

மூன்றாவது மகனைத் தேவிக்குப் பலியிட வேண்டும் என்பது இன்னொரு மரபு. சால்வடோரின் நாயகன் டிரிஸ்ட் பிறப்பது, அவன் குடும்பம் இன்னொரு குடும்பத்தை அழித்துக்கொண்டிருக்கும் இரவில். மூன்றாவது மகன் என்பதால் அவன் சாக வேண்டியவன். அதே இரவில் அவன் அண்ணன்களில் இளையவன் மூத்தவனைக் குத்திக் கொன்றுவிட, பட்டியலில் ஓர் இடம் மேலே வந்து பிழைத்துக்கொள்கிறான். ஒரு சமூகத்தின் குணத்தை ஒரே நிகழ்ச்சியில் இப்படிச் சொல்லிவிடுவது சாதாரணமான வேலையல்ல.

இது எப்படிச் சரிந்து விழாமல் நிற்கிறது? ஒவ்வொருவரும் மற்றவரைக் குத்தும் ஊரில் சோறு போடுவது யார்? பதில்களைச் செட்டிங்கே தருகிறது. காளான் வயல்களிலும் ஏரித்தீவில் மேயும் கால்நடை மந்தைகளிலும் உழைப்பவர்கள் அடிமைகள். குகைக்கு வெளியே மனத்தைத் தின்னும் பிராணிகளும் பகை இனங்களும் சூழ்ந்திருப்பதால் நகரத்தை விட்டு ஓடுவது தற்கொலை. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே வழிபாடு வெறும் நம்பிக்கை அல்ல. மின்சாரம் போன்ற ஒன்று. தேவியின் தயவு இருந்தால் பூசாரிணியின் மந்திரம் பலிக்கும். தயவு போனால் அன்றே பலிக்காது. எந்தக் குடும்பத்துக்கு மின்வெட்டு என்று மோப்பம் பிடிப்பதே அந்த ஊரின் அரசியல்.

கடைசியாக, பள்ளி. நகரத்தில் ஒரு கல்விக்கழகம். பூசாரிணிகளுக்கு, மந்திரவாதிகளுக்கு, போர்வீரர்களுக்கு என மூன்று பிரிவுகள். அங்கே இளைஞர்களுக்கு ஆண்டுக்கணக்கில் கற்பிக்கப்படுவது ஒரு பொய் வரலாறு: மேலே வெளிச்சத்தில் வாழும் எல்ஃப்கள் நம்மைத் துரத்திய கொடியவர்கள், அவர்களைக் கொல்வது பழிதீர்ப்பு என்று. பிறகு அவர்களை மேலே கூட்டிப்போய்க் கொலையில் பழக்குகிறார்கள்.

இந்த இடத்தில் அறச்சார்பு முத்திரை தானாகவே கிழிந்துவிடுகிறது. டிரௌக்கள் பிறவியிலேயே தீயவர்கள் என்றால் அந்தப் பள்ளிக்கூடம் எதற்கு? மீனுக்கு யாராவது நீச்சல் வகுப்பு நடத்துவார்களா? இத்தனை பாடத்திட்டம், இத்தனை தண்டனை, இத்தனை கண்காணிப்பு தேவைப்படுகிறது என்றால், இவை இல்லாவிட்டால் பிள்ளைகள் வேறு மாதிரி வளர்ந்துவிடுவார்கள் என்று அந்தச் சமூகத்துக்கே தெரிந்திருக்கிறது. கையேடு ஒன்று சொல்ல, நகரத்தின் விவரங்கள் அதற்கு நேர்மாறாக வேறொன்றைச் சொல்லின.

இவ்வளவு நுட்பம் இருந்தும் டிரௌ படைப்பில் ஒரு கறை இருந்ததை மழுப்ப முடியாது. நல்ல எல்ஃப்கள் வெளுப்பு, கெட்ட எல்ஃப்கள் கருப்பு. பெண்கள் ஆண்டால் எப்படியிருக்கும் என்பதற்கான படமோ ஒரு பயங்கரக் கனவு. காலண்டர் படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் அசுரர்களுக்கு மட்டும் கரிய சாயம் பூசிப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. ஏற்பாடு தீயது என்று கதை சொல்லிக்கொண்டிருக்க, ஓவியம் தோலைக் காட்டிக்கொண்டிருந்தது.

ஸ்பார்ட்டாவின் கணக்கு

இப்படி ஒரு சமூகம் இருக்கவே முடியாது, கற்பனைக்கும் அளவு உண்டு என்பவர்களுக்குப் பண்டைய கிரேக்க நகர அரசான ஸ்பார்ட்டா பதில். அங்கே ஹெலட்டுகள் என்ற அடிமைக் குடிகள் நிலத்தை உழுதார்கள். குடியுரிமை பெற்ற ஸ்பார்ட்டியர்கள் போர்ப் பயிற்சி மட்டும் செய்தார்கள். கிமு 479இல் பிளாட்டியா போருக்கு 5,000 ஸ்பார்ட்டியர்கள் போனபோது ஆளுக்கு ஏழு ஹெலட்டுகள் வீதம் 35,000 பேர் உடன் போனதாக ஹெரடோட்டஸ் எழுதுகிறார். இத்தனை பெரிய கூட்டத்தைத் தலைக்குமேல் வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது? எஃபோர்கள் என்ற ஆட்சியாளர்கள் ஒவ்வோர் ஆண்டும் பதவியேற்றதும் ஹெலட்டுகள்மீது முறைப்படி போர் அறிவித்தார்கள் என்று அரிஸ்டாட்டிலை ஆதாரம் காட்டிப் புளூட்டார்க் சொல்கிறார். போர் என்றாகிவிட்டால் கொலை பாவமில்லை. இளைஞர்களை இரவில் அனுப்பி ஹெலட்டுகளைக் கொல்ல வைத்த கிரிப்டெயா என்ற வழக்கத்தையும் அவர் விவரிக்கிறார்.

மென்ஸோபெரான்ஸனின் 'சாட்சி இல்லையேல் குற்றமில்லை'யும் ஸ்பார்ட்டாவின் வருடாந்திரப் போர் அறிவிப்பும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. கைகளில் இரத்தம் இருக்கும். மனத்தில் கறை ஒட்டாது.

ஸ்பார்ட்டாவின் முடிவும் செட்டிங் எழுதுபவர்களுக்குப் பயன்படும். குடியுரிமைக்கான நிபந்தனைகள் இறுக இறுக, ஸ்பார்ட்டியர்களின் எண்ணிக்கை சுருங்கியது. கிமு 371இல் லியூக்ட்ரா போரில் களத்தில் நின்ற சுமார் 700 ஸ்பார்ட்டியர்களில் 400 பேர் செத்தார்கள். அந்த இழப்பிலிருந்து அவர்கள் மீளவே இல்லை. ஓரிரு ஆண்டுகளில் தீப்ஸ் நகரத்துத் தளபதி எபமினோண்டஸ் படையெடுத்துவந்து மெஸ்ஸீனியாவின் ஹெலட்டுகளை விடுவித்தார். தன் தீமையின் செலவையே தாங்க முடியாமல் மெலியும் சமூகத்தில் கதைக்கு இடம் நிறைய உண்டு: யார் முதலில் ஓடுவார், யார் சலுகை கேட்பார், யார் பிடியை இன்னும் இறுக்குவார்?

வீடணன் மட்டும் போதாது

தீய சமூகத்தில் பிறந்த நல்லவன் என்ற பாத்திரம் பலருக்கும் முதலில் தோன்றும் தீர்வு. 1988இல் அறிமுகமான டிரிஸ்ட் அப்படிப்பட்டவன். பெரும் புகழ் பெற்றான். அவனைப் பார்த்து மேசைக்கு மேசை 'நல்ல டிரௌ' பாத்திரங்கள் முளைத்து, ஒரு கட்டத்தில் நடத்துநர்களின் கேலிப்பொருளே ஆயின. கம்பராமாயணம் தெரிந்தவர்களுக்கு இவன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை: வீடணன்.

வீடணன் வழியில் ஒரு பொறி இருக்கிறது. ஒருவன் விலகிவந்துவிட்டான் என்பதைக் காட்டும்போது, விலகாத மற்றவர்கள் எல்லோரும் கெட்டவர்கள்தான் என்ற எண்ணம் இன்னும் உறுதியாகிறது. விதிவிலக்கு விதியைக் காப்பாற்றிக் கொடுக்கிறது. கம்பனின் இலங்கையை முழு நகரமாக்குவது வீடணனைவிடக் கும்பகருணன்தான். அண்ணன் செய்தது தவறு என்று அவனுக்குத் தெரியும். முகத்துக்கு நேரே சொல்கிறான். ஆனாலும் உண்ட சோற்றுக்காகப் போருக்குப் போய்ச் சாகிறான். அறிவு இருக்கிறது, அன்பும் இருக்கிறது, அப்படியும் தீமையின் பக்கம் நிற்கிறான். அனுமன் ஊர் தேடும்போது காணும் இலங்கையும் அப்படித்தான்: மாளிகை, இசை, உறக்கம், காதல். அழகாக இருப்பதால் அந்த ஊரின் தவறு குறைந்துவிடுவதில்லை.

விளையாட்டு மேசைக்கு வேண்டியவர்கள் இந்தக் கும்பகருணன்கள். அடிமைகளுக்கு இரகசியமாகக் கூடுதல் உணவு கொடுத்துவிட்டு, கணக்கேட்டில் அவர்கள் விலையை நாணயமாக எழுதும் குமாஸ்தா. கொடுமையை வெறுத்தாலும், மகளுக்குக் கல்விக்கழகத்தில் இடம் கிடைக்க வேண்டும் என்பதால் பேசாமல் இருக்கும் தாய்.

வேறு விதமான மூன்று ஊர்கள்

எல்லாத் தீய சமூகமும் சிலந்திக் கொடியோடு நிற்பதில்லை.

1. வாடிக்கையாளர்கள் உள்ள தீமை. மென்ஸோபெரான்ஸன் இருக்கும் அதே 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' உலகில் தேய் என்ற நாடு, சிவப்பங்கி மந்திரவாதிகளின் ஆட்சி, அடிமை முறை. 2001இல் வந்த பதிப்பில் அந்நாடு படையெடுப்பதைக் குறைத்துக்கொண்டு, அயல் நகரங்களில் கடை திறந்து மந்திரப் பொருள்களை மலிவாக விற்கிறது. தேயை வெறுக்கும் ஊர்களே அங்கே வரிசையில் நிற்கின்றன. வீரர்களின் கையில் இருக்கும் மந்திர வாளும் அங்கே வாங்கியதாக இருக்கலாம்.

2. திருப்தியாக இருக்கும் தீமை. கீத் பேக்கர் உருவாக்கி 2004இல் வந்த 'எபெரான்' உலகில் ரீட்ரா என்ற பேரரசு. பசி இல்லை, திருட்டு இல்லை, மக்கள் ஆள்வோரை மனமார வணங்குகிறார்கள். ஆள்வோரின் உடலில் கனவுலக ஆவிகள் குடியிருக்கின்றன. மக்களின் கனவுகளைக்கூட அவையே நிர்ணயிக்கின்றன. 'விடுவிக்க' வந்த வீரர்களைக் கண்டால் மக்களே காவலரைக் கூப்பிடுவார்கள். இதே எபெரானில் நல்லவர்களின் சமயமான வெள்ளிச்சுடர் சபை, ஓநாய்மனிதர்களை ஒழிக்கிறோம் என்று புறப்பட்டு அப்பாவிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற வரலாறும் இருக்கிறது. நல்ல முத்திரை குத்தப்பட்டவர்கள் செய்யும் தீமையைக் காட்டாத செட்டிங் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறது.

3. குறுக்குவழித் தீமை. 1991இல் வந்த 'டார்க் சன்' உலகில் மந்திரம் நிலத்தின் உயிரை உறிஞ்சுகிறது. உறிஞ்சிக் கரியாக்கிவிட்டுப் போகும் மந்திரவாதி, நிலத்தைக் காத்துப் பயிலும் மந்திரவாதியைவிடக் குறைந்த அனுபவப் புள்ளிகளில் அடுத்த நிலைக்கு ஏறிவிடுவார். விதிகளே அப்படி எழுதப்பட்டிருந்தன. உலகம் ஏன் பாலைவனமானது என்பதற்கு வில்லனின் சிரிப்பு தேவைப்படவில்லை. அந்தப் புள்ளி அட்டவணை போதும். அங்கே அடிமை முறை எங்கும் உண்டு, எழுத்தறிவு சாமானியருக்குத் தடை, நகரங்களை மந்திர மன்னர்கள் ஆள்கிறார்கள். தீமையை வீரர் தம் கையாலேயே சோதித்துப் பார்க்கத் தூண்டும் விதத்தில் இதை மிஞ்சிய வடிவமைப்பு அரிது.

பதிப்பாளர்கள் செய்தது

2020 ஜூனில், அமெரிக்காவில் இனவெறிக்கு எதிரான போராட்டங்கள் நடந்துகொண்டிருந்த வேளையில், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் அறிக்கை வெளியிட்டது: ஓர்க்குகளையும் டிரௌக்களையும் இனி மற்ற இனங்களைப் போலவே அறத்திலும் பண்பாட்டிலும் பன்முகம் கொண்டவர்களாகக் காட்டுவோம் என்று. 2021இல் லோல்த்தை வணங்காத புதிய டிரௌ நகரங்கள் அறிமுகமாயின. மென்ஸோபெரான்ஸன் 'டிரௌக்களின் ஊர்' என்பதிலிருந்து 'டிரௌ ஊர்களில் ஒன்று' ஆனது. இது நல்ல திருத்தம். தீமை இனத்திலிருந்து கழன்று ஊரின்மேல், அதன் கோயில்மேல், அதன் சட்டத்தின்மேல் போய் உட்கார்ந்தது. அந்த ஆண்டின் இறுதியில் பழைய புத்தகங்களின் மின்பதிப்புகளிலிருந்து இனங்களின் குணம் பற்றிய பத்திகள் நீக்கப்பட்டன.

கவனமில்லாமல் எழுதினால் என்ன ஆகும் என்பதை 2022 காட்டியது. 'ஸ்பெல்ஜாமர்' தொகுப்பில் ஹடோஸீ என்ற குரங்கு போன்ற இனத்துக்கு, மந்திரவாதி பிடித்து அறிவூட்டி அடிமைகளாக விற்க முயன்றார் என்ற முன்கதை எழுதப்பட்டிருந்தது. கருப்பினத்தவர்மீது ஏவப்பட்ட பழைய கேலிச்சித்திரங்களை அது அப்படியே நினைவூட்டியதால் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அதை நீக்கியது. அங்கே தவறு அடிமை முறையைக் காட்டியது அல்ல. அடிமையானவர்களின் அறிவே எஜமானன் போட்ட பிச்சை என்று காட்டியது.

இந்த வேறுபாட்டைப் பார்க்கப் பொறுமை இல்லாதபோது நிறுவனங்கள் எளிய வழியைத் தேர்கின்றன: முழுவதையும் எடுத்துவிடுவது. டார்க் சன் மீண்டும் வருமா என்ற கேள்விக்கு 2023இல் விளையாட்டின் அப்போதைய தலைமைத் தயாரிப்பாளர் சொன்ன பதில், அது பல வகையில் சிக்கலானது என்பது. கொடுங்கோலர்களின் அடிமைச் சந்தையைக் காட்டி, அதை உடைக்க வீரர்களை அழைக்கும் செட்டிங் அது. அதை ஒதுக்கிவைத்துவிட்டுக் குற்றமற்ற ஊர்களை மட்டும் வெளியிட்டால், வாளோடு வந்து நிற்கும் வீரருக்கு என்ன வேலை? விலங்குகளை வேட்டையாடலாம்.

எதிர்த்திசை ஆபத்தும் உண்டு. கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனத்தின் 'வார்ஹாமர் 40,000' என்ற போர்ப்பொம்மை விளையாட்டின் உலகில் மனிதப் பேரரசு ஒரு கொடூர சர்வாதிகாரம். அங்கதமாகத் தொடங்கிய படைப்பு. பல்லாண்டுகளாக அதன் வீரர்களைக் கம்பீரமான பொம்மைகளாக விற்றுவந்ததில் அங்கதம் தேய்ந்தது. நாஜிச் சின்னம் அணிந்து ஒருவர் போட்டிக்கு வந்த பிறகு, 2021 நவம்பரில், இந்தப் பேரரசு பின்பற்றத்தக்க முன்மாதிரி அல்ல என்று நிறுவனமே விளக்க அறிக்கை விட நேர்ந்தது. சீருடை அழகாகவும் பலியானவர்கள் கண்ணில் படாமலும் இருந்தால் இப்படித்தான் முடியும்.

மேசைக்குக் கொண்டுவரும்போது

ஒரு தீய நகரத்தை எழுத உட்காரும் நடத்துநர், கொடியின் நிறத்தையும் தெய்வத்தின் பல்லையும் முடிவு செய்வதற்குமுன் சிலவற்றுக்கு விடை எழுதிக்கொண்டால் நல்லது.

1. இங்கே சோறு யாருடைய உழைப்பில் வருகிறது?
2. இந்த ஊர் தன்னைப் பற்றித் தன் குழந்தைகளுக்குச் சொல்லும் கதை என்ன? அவர்கள் அகராதியில் கொடுமைக்கு என்ன பெயர்: ஒழுங்கா, கடனா, பாதுகாப்பா, தூய்மையா?
3. இதனால் சின்ன ஆதாயம் பெறுபவர் யார்? பெரிய வில்லனை எல்லோரும் எழுதிவிடுவார்கள். வாடகை குறைவு என்பதற்காக வாய்மூடி இருப்பவரை எழுதினால்தான் ஊர் எழுந்து நிற்கும்.
4. விலக நினைப்பவர் எங்கே போவார், வழியில் என்ன விலை கொடுப்பார்?
5. அடிமைப்பட்டவர்களுக்குப் பெயர், திட்டம், நகைச்சுவை, தங்களுக்குள் சண்டை எல்லாம் இருக்கின்றனவா? அல்லது மீட்பதற்காக வைத்த மூட்டைகளா?

ஐந்தாவதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள்.

மேசையில் இருப்பவர்கள் உண்மையான மனிதர்கள் என்பதும் கணக்கில் சேர வேண்டும். ஆட்டம் தொடங்குமுன் எல்லோரும் உட்கார்ந்து எதுவெல்லாம் கதையில் வரலாம் என்று பேசிக்கொள்வதை 'செஷன் ஸீரோ' என்கிறார்கள். ரான் எட்வர்ட்ஸ் அறிமுகப்படுத்திய கோடும் திரையும் என்ற முறையில், கோடு போட்டது கதைக்குள் வரவே வராது. திரை போட்டது நடந்ததாகச் சொல்லப்படும், காட்டப்படாது. ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கிய எக்ஸ் அட்டை மேசை நடுவில் கிடக்கும். யாராவது தொட்டால் காரணம் கேட்காமல் அந்தக் காட்சி மாற்றப்படும். இவை கதையை மழுக்குகின்றன என்ற புகார் உண்டு. நடைமுறையில், எங்கே நிறுத்தலாம் என்று தெரிந்திருக்கும் குழுதான் இருட்டுக்குள் தூரம் போகிறது. அடிமைச் சந்தை இருக்கிறது என்பதை எல்லோரும் அறிந்திருக்க, சாட்டையடியை நொடி நொடியாக வர்ணிக்க வேண்டிய அவசியமே இல்லை.

1979இன் குகைகளையே எடுத்துக்கொள்வோம். அந்தப் புத்தகத்திலேயே ஒரு குறிப்பு இருக்கிறது: காப்ளின்கள் ஆபத்தில் மாட்டினால், அடுத்த குகையிலுள்ள ஓகர் என்ற அரக்கனுக்கு ஒரு பை நாணயத்தை எறிந்து உதவிக்கு அழைப்பார்கள். அங்கே கூலி இருக்கிறது, பேரம் இருக்கிறது. இன்னொரு குகையில் தீய பூசாரிகளின் கோயிலும் இருக்கிறது. அந்தக் கோயில் ஒவ்வொரு கூட்டத்திடமும் ஆண்டுதோறும் இத்தனை இளைஞர்களைக் கப்பமாக வாங்குகிறது என்று நடத்துநர் ஒரு வரி சேர்த்தால் போதும். குகை மூலையில் ஒடுங்கி நிற்கும் ஓர்க் குழந்தைகளைப் பார்த்து வீரர்கள் வாளை ஓங்குமுன், அவர்களின் தாய் கேட்பாள்: 'உங்களை அனுப்பியது கோட்டையா, கோயிலா?'